மாதா படுத்திருந்த குடில்

எனக்கு எழுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. பெற்றது எட்டு. வளர்த்து ஆளாக்கியது ஏழு. அந்த ஏழில் ஒன்று என் தங்கை விட்டுப்போன பிள்ளை. கணக்கு உதைக்கிறதே என்று யோசிப்பவர்கள் ரெண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த ரெண்டும் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கின்றன.

நான் கையால் செய்த ஒரு மாதாவைப் பற்றி இந்த வாரம் சொல்கிறேன்.

நினைத்தாலே முதலில் கண்ணில் வருவது உபதேசியார்தான். சாமியார் வராத நாட்களில் எங்கள் ஊர் மாதா கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பார். மார்கழிக் குளிருக்குத் துண்டைத் தலையோடு சுற்றியிருந்தார். கோயிலுக்குள் புது வைக்கோல் வாசம், ஈர மண் வாசம். கிறிஸ்து பிறப்புக் குடில் முன்னால் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

“ஏத்தா ஞானம், இது யாரு?”

“மாதா.”

“மாதா எதுக்குப் படுத்திருக்கு?”

“அலுப்பா இருக்கும்ல. அதான்.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தச் சிலுவை மாதாவுக்காகப் போட்டதா, என்னைப் பார்த்துப் போட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எலி தள்ளிய பெட்டி

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் நடை. ஊருக்குள் கரண்டு வந்து ரெண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எண்பதாம் வருஷமோ, அதற்குக் கொஞ்சம் முன்போ. எனக்கு வருஷங்கள் நினைவில் நிற்பதில்லை. எந்தப் பிள்ளை மடியில் இருந்தது என்பதை வைத்துத்தான் சொல்லுவேன். அப்போது மடியில் பிள்ளை இல்லை. மூத்தவள் பிலோமினா வயிற்றில் பிள்ளையோடு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

எப்போதோ இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கொண்டுவந்த குடில் சுரூபங்கள், சின்னச் சின்னச் சிலைகள், எங்கள் கோயிலில் இருந்தன. மாதா, அவள் வீட்டுக்காரர் சூசையப்பர், இடையர் மூன்று பேர், ஒரு மாடு. குழந்தை இயேசு, எங்களுக்குப் பாலசேசு, தனியாக ஒரு தகரப் பெட்டியில், பூட்டுப் போட்டு. அந்த வருஷம் பீடத்துக்குப் பின்னால் மற்றச் சுரூபங்கள் இருந்த பெட்டியை எலி தள்ளிவிட்டது. திறந்து பார்த்தால் மாதாவுக்குக் கழுத்து போயிருந்தது.

உபதேசியார் மெழுகுவர்த்தியை உருக்கிக் கழுத்தை ஒட்டினார். தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தே நின்றது. “பரவால்ல, பிள்ளையைத்தானே பாக்குது” என்றார்.

புதிதாக வந்திருந்த சாமியார் வாலிபர். அவருக்கு அது பிடிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, “ஞானம்மா, ஊருல பாதி வீட்டு அடுப்பு நீங்க போட்டதாமே. மாதாவையும் ஒண்ணு செஞ்சு பாருங்களேன்” என்றார்.

ஆமாம், மண் அடுப்புப் போடுவேன். கண்மாய்க் கரம்பை மண்ணை மிதித்து, வைக்கோல் கூளம் சேர்த்து, மூன்று நாள் புளிக்க வைத்துப் போட்டால் பத்து வருஷத்துக்கு வெடிக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்கு எனக்குப் பெருமை இருந்தது? கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். அம்புட்டுத்தான்.

வெந்நீர் யார் வைத்தது

வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு வேதாகமம் எழுத்தாக இருக்கும். எனக்கு அது காதில் விழுந்து, கண்ணுக்குள் போய் நிற்கும்.

சாமியார் வாசிப்பார். சத்திரத்தில் இடம் இல்லை. மாட்டுத் தொழுவம். பிள்ளையைத் துணியில் சுற்றி மாட்டுத் தீவனத் தொட்டியில் படுக்கவைத்தாள். வாசித்து முடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். நான் தொழுவத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். தொப்புள்கொடியை யார் அறுத்தது? வெந்நீர் யார் வைத்தது? நனைந்த சேலைக்கு மாற்றுச் சேலை இருந்ததா? ஒருத்தரும் அதை எழுதி வைக்கவில்லை. எழுதினவர்கள் ஆம்பளைகள்தானே.

இதை நான் சின்ன வயதிலிருந்தே எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை. செபமாலை சொல்லும்போது பாதியில் மனசு அங்கே போய்விடும். அது பராக்கு, பாவம் என்று சொல்லியிருந்தார்கள். சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்லுவேன். சொல்லிவிட்டு வந்து மறுபடியும் போவேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் எட்டுப் பெற்றவள். ஒரு தடவைகூடப் பத்து நாள் சேர்ந்தாற்போல் படுத்ததில்லை. ஆறாவது பிள்ளைக்கு எட்டாம் நாளே நடவுக்குப் போனேன். குனிந்து நாற்று ஊன்றும்போது பால் கட்டி மார்பு கல்லாக இருக்கும். வரப்பில் உட்கார்ந்து பீய்ச்சிவிட்டு மறுபடியும் இறங்குவேன். முதலாளி வீட்டுப் பொம்பளைகள் பிள்ளை பெற்றுவிட்டுக் காதை மூடித் துணி கட்டிக்கொண்டு, காய மருந்து தின்றுகொண்டு, நாற்பது நாள் இருட்டறையில் கிடப்பார்கள். பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்கள் வசதிமேல் இல்லை. அந்தப் படுக்கைமேல்.

அதனால், மாதாவைச் செய்ய மண்ணைக் கையில் எடுத்ததும் அது தானாகவே படுத்துவிட்டது. நான் யோசித்துச் செய்யவில்லை. முழங்கால் போட்டுக் கைகூப்பி உட்கார்ந்திருக்கிற மாதாவை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிள்ளை பெற்ற எவளாவது அப்படி உட்காருவாளா?

முழங்கை நீளம் இருந்தாள். ஒருக்களித்துப் படுத்து, ஒரு கை தலைக்கு அடியில். கண்ணை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. அந்தக் கண்ணுக்கு மட்டும் ஒரு நாள் ஆனது. பிலோமினா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கொடுத்தாள். என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து, மாதாவின் காதை மூடித் தலைத்துணி கட்டினேன். சூசையப்பர் பழைய சுரூபம்தான், கம்பூன்றி நிற்பார். அவர் காலடியில் விரல் தண்டிக்கு ஓர் அடுப்பும், மேலே ஒரு பானையும் வைத்தேன்.

“இப்பத்தான் மனுசன் உருப்படியா ஒரு வேலை பாக்குறாரு” என்று பிலோமினா சிரித்தாள்.

வெறுங்கையோடு வரலாமா

உபதேசியாருக்குக் கோபம் மறுநாள்தான் வந்தது. ராத்திரி முழுக்க யோசித்திருப்பார் போல.

“இங்க பாரு ஞானம். மாதா நோவில்லாமப் பெத்தாங்க. நோவுங்கறது ஏவாள் வாங்குன சாபம். மாதாவுக்குச் சாபமே கிடையாது. அப்புறம் எதுக்குப் படுக்கணும்?”

“நோவு இல்லைன்னே இருக்கட்டும்ணே. நடந்து வந்திருக்காளே அம்புட்டுத் தூரம். கால் வலிக்காதா?”

“கழுதை மேல வந்தாங்க.”

“நீங்க கழுதை மேல போயிருக்கீங்களா? நிறை மாசத்துல?”

பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் விளக்குமாற்றை நிறுத்தி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. பாவம், நல்ல மனுசன். என் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். எனக்கு வாய் அதிகம்.

அன்றைக்குச் சாயங்காலம் மேலத்தெருவிலிருந்து பேச்சியம்மாள் வந்தாள். வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீடு, மாடசாமி கும்பிடுகிறவர்கள். வருஷா வருஷம் குடில் பார்க்க வருவாள். இந்த வருஷம் எட்டிப் பார்த்ததும், “அடி ஆத்தி, பச்சை உடம்புக்காரி!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி விறுவிறுவென்று போய்விட்டாள். கோபித்துக்கொண்டாளோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தாள். கையில் ஒரு கொத்து வேப்பிலை, வாழையிலையில் ஓர் உருண்டை காயம். சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் போட்டு இடித்தது, கோயில் முழுக்க மணத்தது.

“பிள்ளை பெத்த வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா?” என்று வேப்பிலையைக் குடிலின் கூரையில் செருகினாள். காயத்தை மாதாவின் தலைமாட்டில் வைத்தாள். அதுவரை எங்கள் கோயிலில் அவள் எதையும் தொட்டதில்லை.

உபதேசியார் வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தார். காயத்தை என்ன செய்தார் என்று தெரியவில்லை. அவர் சம்சாரத்துக்கு அன்றைக்கு இடுப்பு வலி என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சாமியார் வந்தார். விவகாரம் அவர் காதுக்குப் போயிருந்தது. குடிலுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

“ஏம்மா படுக்கவச்சீங்க?”

“அலுப்புன்னு தோணுச்சு சாமி. தப்புன்னா சொல்லுங்க, எடுத்துடுறேன்.”

அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அன்றைக்கு இன்னும் நாலு ஊருக்குப் பூசைக்குப் போகவேண்டும். “இருக்கட்டும். யோசிச்சுச் சொல்றேன்” என்று மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் நான் பட்ட பாட்டில் பாதி இருந்திருக்காது.

காலித் தொட்டி

ரெண்டு நாள் கழித்துப் பிலோமினாவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள். திருமங்கலத்துக்குக் கொண்டுபோனோம். மதுரைக்கே போய்விடுங்கள் என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். ரெண்டு நாள் நானும் என் வீட்டுக்காரரும் வராந்தாவில் கிடந்தோம். உள்ளேயிருந்து வருகிற சத்தத்தில் என் மகள் சத்தம் எது என்று பிரித்துப் பிரித்துக் கேட்டே எனக்குக் காது செத்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில், பழந்துணி எடுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று ஊருக்கு பஸ் ஏறினேன்.

வீட்டில் நாத்தனார் ராயம்மாள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன மதினி, ஆச்சா?”

“இன்னும் இல்ல.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் சொல்றேன்னு கோவிக்காத. வயித்துப் பிள்ளைக்காரிய வீட்டுல வச்சுக்கிட்டு நீ அதைச் செஞ்சிருக்கப்படாது. பெத்தவளப் போலப் படுக்க வச்சுட்ட. பக்கத்துல தொட்டி காலியாக் கெடக்கு. அதைப் பாத்தா என்னத்த நினைக்கத் தோணுது?”

பாலசேசுவைத் திருநாள் பூசையில் சாமியார்தான் கொண்டுவந்து தொட்டியில் வைப்பார். அதுவரைக்கும் தொட்டியில் வெறும் வைக்கோல்தான் இருக்கும். எல்லா வருஷமும் அப்படித்தான். மாதா முழங்கால் போட்டிருக்கும்போது அது காத்திருக்கிற மாதிரி இருக்கும். படுத்துவிட்டால் அது வேறு மாதிரி. இத்தனை நாள் மண்ணைப் பிசைந்தவளுக்கு, கண்ணுக்கு ஒரு நாள் செலவழித்தவளுக்கு, அது தெரியவில்லை.

கோயிலுக்கு ஓடினேன். குடிலைப் பார்த்தேன். தலையில் துணி கட்டிய ஒருத்தி படுத்திருக்கிறாள். பக்கத்தில் தொட்டி காலி. அப்படி நானே ரெண்டு தடவை படுத்திருக்கிறேன். என்னையேதான் செய்து வைத்திருந்தேன்.

உபதேசியாரிடம் போய்ப் பெட்டிச் சாவியைக் கேட்டேன்.

“பாலசேசுவ இன்னைக்கே தொட்டியில வச்சிருவோம்ணே. ரெண்டு நாள் முந்தினா என்ன?”

“திருநாளுக்கு முன்னாடி எடுக்குறதுக்கு அது என்ன பொம்மையா?”

“அப்ப நான் செஞ்சது பொம்மையா?”

“அதைத்தான் நானும் ஒரு வாரமாக் கேக்குறேன் தாயி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் திரும்பிப் போய் மாதாவை எடுத்தேன். முதுகில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு வந்தது. மடியில் வைத்துச் சேலையால் மூடிக் கண்மாய்க்கு நடந்தேன். கனம் ஒரு பச்சைப் பிள்ளைக் கனம் இருந்தது. உடைக்க மனசு வரவில்லை. சூளையில் சுடாத மண், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். கரையில் உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, தண்ணீருக்குள் படுக்கவைத்தேன்.

முதலில் குமிழ் வந்தது. அப்புறம் மூக்கு போனது. கண் போனது. விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. “நான் செஞ்சது தப்புன்னா என்னைய எடுத்துக்க. அவளை விட்டுரு” என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன்? கரைகிறவளிடம்தான் சொன்னேன். வேறு யார் முகமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கையில் ஒட்டிய மண்ணைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரிப் படியில்

என் வீட்டுக்காரர் படியில் நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“பொம்பளப் பிள்ளை. குறுக்கே கெடந்ததைத் திருப்பி ஆயுதம் போட்டு எடுத்தாங்களாம். ரெண்டும் நல்லாருக்கு.”

“எப்ப?”

“நீ அந்தப் பக்கம் பஸ் ஏறப் போன, இந்தப் பக்கம் பொறந்துருச்சு. வெயில்கூட ஏறல.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் உட்கார்ந்ததாக அவர் நினைத்துக்கொண்டார்.

பிலோமினா சுவர் ஓரத்துக் கட்டிலில் கிடந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. பிள்ளையைப் பார்த்தேன், கை கால் எண்ணினேன், நெற்றியில் சிலுவை போட்டேன். அவள் மெல்லப் பேசினாள்.

“அம்மா, நீ செஞ்ச மாதாவத்தான் நினைச்சுக்கிட்டே கெடந்தேன். வேற மந்திரம் ஒண்ணும் வாயில வரல. அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிச்சா வலி வந்து மறந்துபோகும். கண்ணை மூடுனா அவதான். நான் எப்படிக் கெடந்தேனோ அப்படியே அவளும் கெடந்தா.”

“பக்கத்துல தொட்டி காலியா இருந்துச்சேடி. உனக்குப் பயமா இல்லையா?”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “காலியா இருந்தாத்தானம்மா பிள்ளை வரும்?”

என் நகக்கண்ணில் இருந்த மண்ணை அவள் பார்த்தாளோ என்னவோ. நானே சொல்லிவிட்டேன். “கரைச்சுட்டேன்டி. கண்மாயில.”

அவள் பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றைக்கு வரைக்கும் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சில்லை.

எதைச் சொல்வது

திருநாளுக்குக் கழுத்து ஒட்டிய மாதாதான் முழங்கால் போட்டிருந்தாள். ராயம்மாள் எல்லோரிடமும், நான் மாதாவை எடுத்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். கரைக்கும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டதை நான் விளக்கிச் சொல்லவில்லை. சொல்ல உடம்பில் தெம்பில்லை.

பிறகு ஒரு நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அதே வாலிபச் சாமியார்.

“சாமி, மாதாவைப் படுக்கவச்சேன். அப்புறம் கரைச்சுட்டேன். எது பாவம்னு எனக்குத் தெரியல. எதைச் சொல்லணும்?”

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

“கரைச்சதைச் சொல்லுங்கம்மா” என்றார்.

“படுக்கவச்சது தப்பில்லைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சாமி.”

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. “ஆமா. சொல்லியிருக்கணும்” என்றார். பாவத்துக்குப் பரிகாரக் கட்டளையாக, அடுத்த வருஷம் இன்னொரு மாதா செய்யச் சொன்னார்.

“செபம் குடுங்க சாமி, எம்புட்டு வேணும்னாலும் சொல்றேன். மண்ணைக் குடுக்காதீங்க” என்றேன். ஐந்து அருள் நிறைந்த மந்திரம் கொடுத்தார். சொல்லி முடித்தேன்.

அதற்குப் பிறகு அடுப்பு எத்தனையோ போட்டேன். முகம் ஒன்றும் செய்யவில்லை. பயத்தினால் இல்லை. ஒரு முறை பயந்து கரைத்த கைக்கு, மறுபடி யாருடைய கண்ணையும் திறக்க உரிமை இல்லை என்று தோன்றிவிட்டது. செபமாலை சொல்லும்போது மட்டும் பழையபடி மனசு தொழுவத்துக்குப் போகும். அதை இப்போது பாவம் என்று சொல்வதில்லை. போய்ச் சேருகிற இடத்தில் அவள் படுத்துத்தான் இருக்கிறாள். நான் சத்தம் போடாமல் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

ஏத்தா ஜெனிட்டா, நான் சொல்லச் சொல்ல எழுதுனது போதும், கை வலிக்கும் உனக்கு. மொதல்லருந்து ஒருக்கா வாசி. உங்க அத்தை பிலோமினா பேசுற இடம் வந்தா மெதுவா வாசி, எனக்கு அவ சொன்னது அப்படியே வந்திருக்கான்னு கேக்கணும்.